கண்ணகி கதையைத் தடுக்கும் மென்பொருள்

கேள்வி: மதுரை மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியொன்றில் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். இணைய விவாதத் தளங்களிலும் காணொளிப் பின்னூட்டங்களிலும் எவற்றை மாணவர் பார்க்க விடலாம் என்று பட்டியல் தரும்படி தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். கெட்ட சொற்களைக் கண்டு தடுக்கும் மென்பொருளை நிறுவினால் போதும் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். போதுமா?
– வாசகி ஒருவர், திருமங்கலம்

பதில்: போதாது. கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்ததும், மீனாட்சியாகிய தடாதகைப் பிராட்டி மூன்று தனங்களோடு வேள்வித்தீயில் தோன்றியதும் உங்கள் ஊரில் சிறுபிள்ளைகளும் அறிந்த கதைகள். சொல்லை மட்டும் பார்க்கும் மென்பொருளோ, இவற்றைப் பற்றித் தமிழாசிரியர்கள் நடத்தும் விவாதத்தையே ஆபாசம் என்று அடைத்துவிடக்கூடும். மாறாக, சாதியைச் சுட்டி ஒரு மாணவனைப் புண்படுத்த நினைப்பவருக்கு அகராதியில் குற்றமற்ற சொற்களே போதும். நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் 2023இல் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியை அடையாளம் காட்ட மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. திரையிலோ, கயிற்றின் வேலையை ஒரு வண்ண இதயக் குறியே செய்துவிடும்.

ஆகவே சொல்லைப் பார்ப்பதைவிட இடத்தைப் பாருங்கள். முறைகேடான பதிவை நீக்குவதற்கு அங்கே பொறுப்பாளர் உண்டா, முகம் தெரியாதவர் மாணவருக்குத் தனிச்செய்தி அனுப்ப முடியுமா, கணக்குத் தொடங்காமலே படிக்க முடியுமா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தாலே உங்கள் பட்டியலில் பாதி முடிந்துவிடும். தமிழ் விக்கிப்பீடியாவின் பேச்சுப் பக்கங்களை, ஒரு தகவலுக்குச் சான்று கேட்டு வாதாடுவது எப்படி என்று மாணவர் கற்பதற்காகவே, நான் தயங்காமல் திறந்துவிடுவேன். கீழடி பற்றிய காணொளி பாடத்துக்குத் தேவைப்படலாம், அதன்கீழ் நடக்கும் வசைமாரி தேவையில்லை. யூடியூபில் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையை இயக்கினால் பின்னூட்டங்கள் மறைந்துவிடும்.

பல தளங்கள் 13 வயதில் கணக்குத் தொடங்க அனுமதிப்பதைச் சான்றிதழாகக் கொள்ள வேண்டாம். அந்த எண், சிறுவரின் தகவல்களைத் திரட்டுவது குறித்து அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டத்திலிருந்து வந்ததேயன்றி, எதைப் படிக்கலாம் என்று எவரும் ஆராய்ந்து வகுத்ததன்று. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் இசைவைக் கோருகிறது. எனவே படிப்பதற்குத் தாராளமாகவும், பதிவிடுவதற்குச் சிக்கனமாகவும் அனுமதி கொடுங்கள்.

இன்னொன்று: மாதவிடாய், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை பற்றிய தேடல்களை மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். வீட்டில் கேட்க முடியாததைத்தான் பிள்ளைகள் அங்கே தேடுகிறார்கள். தடுத்தே ஆகவேண்டிய பக்கங்களில் ‘அனுமதி இல்லை’ என்ற வெற்று வரிக்குப் பதிலாக, சிறார் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416 ஆகிய இரண்டும் தோன்றும்படி அமைத்துத் தரக் கேளுங்கள்.

பட்டியலை நீங்கள் ஒருவரே போட வேண்டாம்; தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் உடனிருக்கட்டும். தவறாக அடைபட்ட பக்கத்தைத் திறக்கும்படி ஓர் ஆசிரியர் எழுதிக் கேட்டால், மறுநாளுக்குள் முடிவு சொல்லிவிடுங்கள். பாடம் நடந்து முடிந்தபின் திறந்து யாருக்கு என்ன லாபம்?

கேள்வி: வீட்டுக் கைப்பேசியில் எல்லாமே திறந்து கிடக்கும்போது, பள்ளியில் மட்டும் தடுத்து என்ன பயன்?
– பெற்றோர் ஒருவர், மேலூர்

பதில்: பள்ளிக் கணினியில் பிள்ளை எதைப் பார்த்தாலும் அதற்குப் பள்ளி பொறுப்பு, உங்கள் கைப்பேசிக்கு நீங்கள் பொறுப்பு. பள்ளி எவற்றைத் தடுத்திருக்கிறது, ஏன் தடுத்திருக்கிறது என்பதை அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளை மகளிடமோ மகனிடமோ கொடுத்து, எது தேவையில்லாத தடை என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கும் ஆசிரியருக்கும் தெரியாத தளங்களின் பெயர்கள் நாலைந்து அப்போது வெளிவரும்.