தினமும் கையைச் சோதிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. இரண்டு மாதங்களுக்கு முன்பு அவள் முன்கையில் வரிசையாகத் தழும்புகள் இருப்பதைப் பார்த்தேன். முதலில் கதவில் உரசிவிட்டது என்றாள். பிறகு தானே கீறிக்கொண்டதாக ஒப்புக்கொண்டாள். இனிமேல் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். செல்போனை வாங்கி வைத்துவிட்டேன். தினமும் மாலையில் சட்டைக் கையை மடக்கச் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது புதிய காயம் எதுவும் இல்லை, ஆனால் அவள் என்னிடம் பேசுவதே இல்லை. சரியாகிவிட்டாள் என்று நினைக்கலாமா? மற்றவர்கள் தன்னைக் கவனிக்க வேண்டும் என்றுதான் செய்தாள் என்கிறார் என் கணவர். மனநல மருத்துவரிடம் போனால் காலமெல்லாம் மாத்திரைதானோ என்று பயமாகவும் இருக்கிறது.

மருத்துவர் பதில்: கையில் புதிய காயம் இல்லை என்பதைவிட, அவள் உங்களிடம் பேசுவதில்லை என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது அம்மா. தினமும் சோதனை நடக்கும் வீட்டில் பிள்ளைகள் நிறுத்துவதைவிட மறைக்கக் கற்றுக்கொள்வதையே அதிகம் பார்த்திருக்கிறேன். எனவே சரியாகிவிட்டாள் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

கோபமோ அவமானமோ வெறுமையோ உள்ளே தாங்க முடியாமல் முட்டும்போது, உடல்வலி அதைக் கொஞ்ச நேரம் அடக்கிவைக்கிறது. அந்த நிம்மதி கலைந்ததும் குற்ற உணர்வு வருகிறது. அந்தக் குற்ற உணர்வே அடுத்த முறைக்கு வழிவிடுகிறது. இந்தச் சுழலில் சத்தியம் என்ன செய்யும்? மீறிவிட்ட நாளில், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றவில்லையே என்ற பாரம் கூடுகிறது. அதன்பிறகு உங்களிடம் வந்து சொல்ல அவளுக்கு எப்படி வாய் வரும்?

உங்கள் கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்பு ஒரு மாணவன் என்னிடம் வந்தான். கடும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. கைநுனியைக் கட்டைவிரல்வரை இழுத்துப் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவிடம் சொல்லிவிடுவீர்களா?" என்பதுதான். பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான் ஒளிக்கிறார்கள். கவனிக்கப்பட வேண்டும் என்றே ஒரு பிள்ளை செய்திருந்தாலும், தன்னைக் காயப்படுத்தினால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று அது நம்புகிறதே, அதுவே உதவி தேவை என்பதற்குப் போதாதா?

இப்படிச் செய்யும் பலருக்குச் சாகும் எண்ணம் இருப்பதில்லை. ஆனாலும் இவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அதனால் நேராகவே கேளுங்கள்: "செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனம்விட்டுக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே மிஞ்சும். ஆம் என்றாலோ, எப்படி என்றுகூட யோசித்து வைத்திருந்தாலோ அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் எப்படியும் பூட்டி வையுங்கள். என்றாவது மாத்திரைகளை விழுங்கிவிட்டதாகச் சொன்னால், பார்க்க நன்றாக இருக்கிறாளே என்று காத்திருக்காதீர்கள். பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுப்பது வெளியே தெரிய ஓரிரு நாட்கள்கூட ஆகும். முறிவு மருந்தோ சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

இன்று மாலை அவள் கையைப் பார்க்காதீர்கள். "பயத்தில் அப்படிச் செய்துவிட்டேன், இனிச் சோதிக்க மாட்டேன். எந்த நேரமானாலும் என்னை எழுப்பு, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். செல்போனையும் திருப்பிக் கொடுங்கள்; அவள் மனம்விட்டுப் பேசும் ஒரே தோழி அதற்குள் இருக்கலாம். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது இந்த வயதுக்கு எளிது. மீண்டும் காயத்தோடு வந்தால் முதலில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கழுவிக் கட்டுங்கள். காரணத்தை மறுநாள் கேட்கலாம். இரத்தம் நிற்காவிட்டாலோ காயம் ஆழமாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாத்திரை பற்றிய பயம் வேண்டாம். காயப்படுத்திக்கொள்வதை நிறுத்துவதற்கென்று தனி மருந்து எதையும் கொடுக்க வேண்டாம் என்றுதான் இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மனச்சோர்வு போன்ற நோய் கூடவே இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம், அது வேறு. முதன்மையான சிகிச்சை பேச்சுதான். இது அடிக்கடி நடந்து, உணர்ச்சிகளைச் சமாளிக்கவும் முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹன் உருவாக்கி, பின்னர் பதின்வயதினருக்காக மாற்றியமைக்கப்பட்ட டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. உந்துதல் அலைபோல் எழுந்து தணியும்வரை தாக்குப்பிடிக்கும் வழிகளை அதில் பழக்குவார்கள். பெற்றோரும் சேர்ந்து பழக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பதின்வயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. இப்படிக் காயப்படுத்திக்கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இருபதுகளின் இறுதிக்குள் அதை விட்டிருந்தார்கள். ஆனால் அடியில் இருக்கும் மனச்சோர்வும் பதற்றமும் தானாகக் கரைந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. இந்த வாரமே உங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசி, வளரிளம் பருவத்தினரைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ நேரம் வாங்குங்கள்.

எங்கே, எதற்காகப் போகிறோம் என்பதை முன்னதாகவே மகளிடம் சொல்லிவிடுங்கள். முதல் சந்திப்பில் சிறிது நேரமாவது அவள் தனியாகப் பேசட்டும். அவள் சொல்வதில் எது இரகசியமாக இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் எதை உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்பதை மருத்துவர் அவளிடமே விளக்குவார். வெளியே வந்ததும் என்ன பேசினீர்கள் என்று துருவாதீர்கள். சில சந்திப்புகளுக்குப் பிறகும் அவருடன் ஒத்துவரவில்லை என்று அவள் சொன்னால் வேறொருவரைத் தேடுங்கள். தேடும்போது அவளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.