கேள்வி பதில்: தூளிக் கயிறும் தத்துவமும்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. "புத்தகத்தோடு குடும்பம் நடத்தியது போதும்" என்கிறார் மாமியார். சிந்திக்கிறவர்களின் வாழ்க்கையைக் குழந்தை வளப்படுத்துமா, வற்றச் செய்யுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: டார்வினுக்குப் பத்துப் பிள்ளைகள். 1839இல் மூத்தவன் பிறந்ததும் அவன் அழுவதையும் சிரிப்பதையும் குறித்துவைத்தார். 1877இல் அது கட்டுரையாகவே வந்தது. ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் திருமணமே செய்துகொள்ளவில்லை. இன்னொரு தத்துவவாதியான ரூசோ தன் ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டவர். பிள்ளை வளர்ப்பைப் பற்றி 1762இல் நூல் எழுதியவரும் அவரேதான்! நம் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனுக்கு ஐந்து மகள்கள், ஒரு மகன். அவருடைய தத்துவம் ஒன்றும் தடைப்படவில்லை.

இந்தப் பட்டியலை வைத்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். ஆனால் அத்தனை பேரும் ஆண்கள். டார்வின் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஈரத்துணி மாற்றியது யார்? மனைவி எம்மாவும் செவிலிகளும்.

மகள் பிறந்தபோது நாங்கள் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருந்தோம். தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே படிப்பேன். எளிதான பக்கம் என்றால் கால் தானாக ஆடும். வாதம் சற்றுக் கடினமானதும், என்னை அறியாமல் கால் நின்றுவிடும். கால் நின்றால் அவள் விழித்துக்கொள்வாள். சித்திரை வெயிலில் மின்சாரமும் போய்விட்டால் கைக்கு விசிறி வந்துவிடும். அப்புறம் புத்தகம் ஏது? அந்த ஆண்டுகளில் என் சிந்தனை சுருங்கத்தான் செய்தது. அதை 'வளம்' என்று பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை.

வேறொன்று பின்னால் வந்தது. வகுப்பில் சமத்துவத்தைப் பற்றிச் சரளமாகப் பேசுகிறவள் நான். வீட்டில் ஒரு மாம்பழத்தை மகளுக்கும் மகனுக்கும் சரிபாதியாக நறுக்கிக் கொடுத்தால், இருவருமே கொட்டைக்காக அழுதார்கள். அதன்பின் என் பாடக்குறிப்புகளில் சிலவற்றை அடித்துத் திருத்தினேன். பிள்ளை பெறாமலே இதை எட்டியவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இப்படித்தான் வாய்த்தது.

குழந்தை வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதில் ஒரு குறையும் இல்லை. வேண்டும் என்றால், இரவு இரண்டு மணிக்கு எழுந்திருப்பது யார் என்பதைக் கணவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பேரப்பிள்ளையைத் தினமும் பத்து மணி முதல் ஒரு மணி வரை பார்த்துக்கொள்வாரா என்று மாமியாரிடமும் கேளுங்கள். பத்திரமெல்லாம் வேண்டாம், பக்கத்து வீட்டு அம்மாள் காதில் விழும்படி "சரி" என்று சொன்னால் போதும்.