அதிக வாக்கு வாங்கியவர் அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்பது எப்படி?

அமெரிக்க மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாக 'தேர்வாளர்கள்' என்ற பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மொத்தம் 538 பேர். அவர்களில் 270 பேரின் வாக்கு கிடைத்தால் வெற்றி.

சிக்கல் இங்கேதான். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரே ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் அங்குள்ள தேர்வாளர்கள் மொத்தமும் அவருக்கே. டென்னிஸ் மாதிரி: 6-0, 6-7, 6-7 என்று ஆடியவர் 18 கேம் ஜெயித்திருக்கிறார், எதிராளி 14தான். ஆனாலும் செட் கணக்கில் தோல்வி! 2016-இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றது இப்படித்தான்.

நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதா, மக்களா என்ற இழுபறியில் 1787-இல் பிறந்த சமரசம் இது.

அப்புறம், இந்தத் தேர்வாளர்கள் எம்.பி.க்கள் என்று பலர் நினைக்கிறார்கள், எம்.பி.க்கள் தேர்வாளராக இருக்கவே கூடாது என்கிறது அரசியல் சாசனம்.