வெடித்த கைகளோடு வகுப்புக்கு வருகிறவர்கள்

கேள்வி: மாவட்டத் தலைநகரில் 80 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புச் செவிலியராக ஆறு மாதமாக இருக்கிறேன். மாதம் ஒருமுறை கை சுத்தம் பற்றி வகுப்பு எடுக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வார்டில் எதுவும் மாறவில்லை. கேட்டால் கை எரிகிறது, நேரமில்லை என்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன் ஊசி குத்திக்கொண்ட இளம் செவிலியர் ஒருவர், திட்டு விழும் என்று பயந்து நேற்றுத்தான் என்னிடம் சொன்னார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பெண்ணிடமிருந்து தொடங்குங்கள் சிஸ்டர். இன்றைக்கே. வகுப்பெல்லாம் பிறகு.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை ஊசி குத்திய 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். அவருக்கு அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. ஆனாலும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் இப்போதே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையை, குத்திய நாளிலிருந்து கணக்கிட்டு 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் திரும்பச் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். யாருடைய ரத்தம் பட்ட ஊசி என்று தெரிந்தால், அந்த நோயாளியின் சம்மதத்துடன் அவருக்கும் பரிசோதியுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர் என்றால் முதல் தவணையை உடனே போடுங்கள். அடுத்தவை 1, 6 மாதங்களில். கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் அளவு (anti-HBs) 10 mIU/mLக்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அவரிடம் ஒரு கணக்கையும் சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி ஆயிரம் பேரைக் குத்தினால், தொற்று வருவது சுமார் மூன்று பேருக்கு. இரண்டு வாரமாக அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி அபாயம் 30 சதவீதம் வரை போகும் என்பதால் உண்மையில் அதிகம் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவதும், ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்வதும் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி மருத்துவமனையின் கடமை. நிர்வாகத்திடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

அவர் ஏன் மறைத்தார் என்பதை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். ஊசி குத்தியதும் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவு, பிதுக்காதே, வாயில் வைக்காதே, உடனே போன் செய் என்று ஒவ்வொரு வார்டிலும் உங்கள் எண்ணோடு எழுதி ஒட்டுங்கள். போன் வந்தால் முதல் கேள்வி ‘எப்போது குத்தியது?’ என்று இருக்கட்டும். ‘எப்படிக் குத்திக்கொண்டாய்?’ என்பதை மாத்திரை பற்றி முடிவெடுத்த பிறகு கேட்கலாம்.

அடுத்தது, கை எரிச்சல். பலர் இதைச் சாக்கு என்று நினைக்கிறார்கள். நானும் இருபது ஆண்டுகள் வார்டில் நின்றவள். விரல் இடுக்கில் வெடிப்போடு டிரெசிங் செய்திருக்கிறேன். அது சாக்கு அல்ல. சோப்பு தோலின் எண்ணெய்ப் பசையை அடித்துக்கொண்டு போகிறது. ஈரம் காயாத கையில் கையுறை போட்டால் தோல் ஊறிப்போகிறது. வெந்நீர் இன்னும் கெடுக்கும். அப்படி வெடித்த கையில் ஹேண்ட் ரப் (தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) பட்டதும் சுரீரென்று எரிகிறது; பழி ஹேண்ட் ரப்பின் மேல் விழுகிறது. உடனே எல்லோரும் சோப்புக்குத் திரும்புகிறார்கள், வெடிப்பு அதிகமாகிறது. உண்மையில் கிளிசரின் சேர்ந்த ஹேண்ட் ரப் சோப்பைவிடத் தோலுக்கு இதமானது. வெறும் ஸ்பிரிட்டை பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் மட்டும் இது பொருந்தாது; அதைப் போய்ப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ பட்டால், கழிவறைக்குப் போய் வந்தால், வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்தால் சோப்பு. மற்ற நேரமெல்லாம் ஹேண்ட் ரப் போதும். சோப்பு போட்டுக் கழுவிய கையில் உடனே ஹேண்ட் ரப்பும் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பணி தொடங்கும்போதும் முடியும்போதும் ஈரப்பத கிரீம் தடவ வேண்டும். எல்லோரும் விரல் விட்டு எடுக்கும் டப்பா வேண்டாம், ஆளுக்கொரு டியூப் வாங்கிக் கொடுங்கள். தேங்காய் எண்ணெயை இரவில் வீட்டில் தடவிக்கொள்ளட்டும். பணியில் வேண்டாம், ரப்பர் கையுறையை எண்ணெய் கெடுத்துவிடும். வெடிப்பில் நீர் வடிகிறதென்றால் அவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்பி, ஆறும்வரை வேறு பணி கொடுங்கள். புண்ணான தோலில் கிருமிகள் அதிகம் தங்கும் என்பதால் இது நோயாளிக்கும் நல்லது. சம்பளப் பிடித்தம் இருந்தால் யாரும் கையைக் காட்ட மாட்டார்கள் என்பதை நிர்வாகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

நேரமில்லை என்பதும் பொய்யில்லை. ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் விதிப்படி சோப்பு போட்டுக் கழுவினால், ஒரு பகல் ஷிப்டில் செவிலியர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து 16 மணி நேரம் அதற்கே போகும். கட்டிலருகே ஹேண்ட் ரப் இருந்தால் 3 மணி நேரம் போதும் என்று 1997இல் ஐரோப்பிய மருத்துவர்கள் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவரின் குழுவினர் கட்டில்தோறும் ஹேண்ட் ரப் வைத்து, சுவரொட்டிகளை ஊழியர்களோடு சேர்ந்தே தயாரித்து, அவ்வப்போது வார்டில் கவனித்ததை அவர்களிடமே சொன்னார்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 1994இல் 48 சதவீதத்தில்தான் செய்தார்கள்; 1997இல் அது 66 ஆனது.

ஆகவே உங்கள் ஒரு மணி நேர வகுப்பை உடைத்து, ஷிப்ட் மாறும் வேளையில் கட்டிலருகே பத்து நிமிடமாக ஆக்குங்கள். நைட் டியூட்டி முடித்தவரை உட்கார வைத்து வகுப்பு எடுக்காதீர்கள். பணி ஏறும்போது எடுங்கள். கை சுத்தம் செய்ய வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களையும் ஒப்பிக்க வைப்பதை விட்டு, முதலில் ஒன்றை மட்டும் பிடியுங்கள்: நோயாளியைத் தொடும் முன். தொட்ட பிறகு நம்மைக் காத்துக்கொள்ள யாரும் சொல்லாமலே கழுவுகிறோம். தொடும் முன்தான் தவறுகிறது, அதிலும் கையுறை போட்டுவிட்டால்.

வருகைப் பதிவேடு ஆய்வுக்கு வேண்டியிருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: ‘இந்த மாதம் கையில் வெடிப்பு, அரிப்பு, எரிச்சல் உண்டா?’ ஒரே வார்டில் இரண்டு மூன்று பேர் ஆம் என்று எழுதினால், மறுநாள் காலை அந்த வார்டின் சோப்பையும் கையுறைப் பெட்டியையும் நீங்களே போய்ப் பாருங்கள்.