52 ஆண்டு அச்சகத்தை மூடலாமா? முதலில் பாலிசியைப் படியுங்கள்

கேள்வி: தாத்தா தொடங்கி 52 ஆண்டுகளாக அச்சகம் நடத்துகிறோம். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்று, இரண்டு ஆஃப்செட் இயந்திரங்களும் கீழ் அடுக்கில் இருந்த தாள்களும் போய்விட்டன. இன்சூரன்ஸ் இருக்கிறது, வங்கிக் கடனும் இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்தாவது திறக்கலாம் என்கிறான் தம்பி. மூடிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அப்பாவிடம் சொல்லத் துணிவில்லை.

பதில்: அப்பா இருக்கட்டும், முதலில் பாலிசிப் பத்திரத்தை எடுங்கள். மூடுகிறீர்களா, திறக்கிறீர்களா என்பதைப் பொறுத்து இழப்பீட்டுத் தொகையே மாறக்கூடும். இது தெரியாமல் "மூடிவிட்டோம்" என்று சொல்லிவிட்டு நஷ்டப்பட்டவர்கள் உண்டு.

இயந்திரங்களை என்ன அடிப்படையில் காப்பீடு செய்திருக்கிறீர்கள்? புதிதாக வாங்கும் விலைக்கு என்றால் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: நிஜமாகவே வாங்கி நிறுவ வேண்டும். வாங்காவிட்டால் தேய்மானம் போக மிச்சம்தான். நெடுங்காலம் ஓடிய இயந்திரத்துக்கு அது சொற்பம். வருமான இழப்புக்குத் தனிக் காப்பீடு இருந்தால் அதையும் பாருங்கள். தொழில் மறுபடி நடக்கும் என்ற கணக்கில் எழுதப்படுவது அது, மூடுகிறவருக்குக் குறையலாம். ஆகவே திறந்தால் எவ்வளவு, மூடினால் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதையும் மறைக்கச் சொல்லவில்லை. முடிவெடுக்கவில்லை என்பதுதானே இன்றைய உண்மை!

தாள் விஷயத்தில் இன்னொரு கண்ணி. 100 மதிப்புள்ள சரக்கை 60-க்கு மட்டும் காப்பீடு செய்திருந்து அதில் 40 நனைந்தால், 40 முழுவதும் வராது. சராசரி விதி, அதாவது காப்பீடு செய்த விகிதத்துக்கு மட்டுமே இழப்பீடு என்ற நிபந்தனை, இருக்கும் பாலிசியில் 40-இல் 60 சதவீதமான 24தான் வரும். முழுத் தீர்வு என்று எழுதிய ரசீதில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் பிறகு வழக்காடுவது கடினம்.

அடுத்து, வெள்ளத்துக்கு முந்தைய 3 ஆண்டுக் கணக்கு. கட்டடம் சொந்தம் என்றால் அதற்கு நியாயமான வாடகை, உங்களுக்கும் தம்பிக்கும் அப்பாவுக்கும் வெளியில் கிடைக்கக்கூடிய சம்பளம், இவற்றைச் செலவாக எழுதிக் கழியுங்கள். அதன் பிறகும் லாபம் நின்றால் திறப்பதைப் பற்றிப் பேசலாம். நிற்கவில்லை என்றால், தண்ணீர் வருவதற்கு முன்பே குடும்பம்தான் அச்சகத்துக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. 52 ஆண்டு உழைப்பு இந்தக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் வராது. புதுக் கடனின் தவணையும், உயரக்கூடிய பிரீமியமும் வரும். அடுத்த வெள்ளத்தையும் சேர்க்க வேண்டும்.

வீட்டு அடமானம் வேண்டவே வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டாண்மை என்றால் பொதுவாக மொத்தக் கடனுக்கும் ஒவ்வொரு கூட்டாளியும் பொறுப்பு. நிறுவனமாகப் பதிவு செய்திருந்தாலும், வங்கிக்குத் தனிப்பட்ட ஜாமீன் எழுதிக் கொடுத்திருந்தால் மூடியபின்னும் அது உங்களைத் துரத்தும். யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று இன்றே தேடுங்கள்.

மூடுவதானால் வரிசை முக்கியம். இயந்திரம் வங்கிக்கு ஈடாக இருந்தால் இழப்பீட்டுப் பணத்தில் முதல் உரிமை பெரும்பாலும் வங்கிக்கே. ஊழியர்களின் பாக்கியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். சொந்தக்காரர் கொடுத்த கைமாற்றை முதலில் அடைக்கத்தான் மனம் துடிக்கும். ஆனால் எல்லாருக்கும் கொடுக்கப் பணம் போதாத நிலையில் அப்படிச் செய்தால், பல நாடுகளின் திவால் சட்டப்படி அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இழப்பீட்டுக்கு வரி உண்டா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

தம்பிக்கு ஒரு யோசனை. உங்களிடம் நனையாமல் மிஞ்சியிருப்பது வாடிக்கையாளர்கள். இயந்திரம் இல்லாமலே ஆர்டர் எடுத்து, வடிவமைத்து, வேறு அச்சகத்தில் அடித்துக் கொடுக்கலாம். ஓர் ஆண்டு பார்க்கட்டும். புதுக் கடன் இல்லாமல் தொடங்கக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் பழைய அச்சகத்தின் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கு வையுங்கள்.

அப்பாவிடம் அந்த 3 ஆண்டுக் கணக்குத் தாளோடு போங்கள். சம்பளம் எடுக்காமல் கடையை ஓட்டியவர் அவராகவே இருந்தால், நீங்கள் சொல்லப்போவது அவருக்குப் புதுச் செய்தியாக இருக்காது.