குவில்ட் துண்டுகளில் ஓட்டை: சுவரில் ஊரும் புழுவா காரணம்?

கட்டிலடிப் பெட்டியில் வைத்த குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) துண்டுகளில் ஓட்டை விழுகிறது, சுவரில் ஊரும் புழுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டைச் சுமந்து திரியும் அந்தச் சாம்பல் நிறப் புழுவை விட்டுவிடுங்கள். அதற்கு வேண்டியது ஒட்டடை, முடி, கம்பளி. உங்களுடையது பருத்தி, அதுவும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது என்கிறீர்கள். கஞ்சியைத் தேடி வருவது பெரும்பாலும் சில்வர்ஃபிஷ் என்கிற ராமபாணப் பூச்சிதான். நம் சிங்கப்பூர் ஈரப்பதமும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கட்டிலடி இருட்டும் அதற்குச் சொர்க்கம்.

துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓட்டையைச் சுற்றிச் சுரண்டினதுபோல் மெலிந்து, மஞ்சள் கறையும் மிளகுத்தூள் மாதிரி எச்சமும் இருந்தால் அதுவேதான். சந்தேகமென்றால் கண்ணாடி ஜாடிக்கு வெளியே மாஸ்கிங் டேப் சுற்றி, உள்ளே கொஞ்சம் கோதுமை மாவு போட்டு இரவில் பெட்டி பக்கத்தில் வையுங்கள். பூச்சி டேப்பில் ஏறி உள்ளே விழுந்தால், வழுக்கும் கண்ணாடியில் ஏறி வரமுடியாது.

வெட்டிய துண்டுகளை அலசாதீர்கள், ஓரம் பிரிந்துவிடும். ஜிப் பையில் காற்றை வெளியேற்றி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள் (மீனுக்குப் பக்கத்தில் வேண்டாம்!). இன்னும் வெட்டாத துணியை மட்டும் அலசி, நன்றாகக் காயவைத்து மூடுங்கள். கஞ்சி, வெட்டும் அன்றைக்குப் போட்டால் போதும்.

அந்துருண்டை மட்டும் போடாதீர்கள். பேரனுக்குத் தைக்கிறீர்கள், ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு அது ஆபத்து. இங்கே பிறந்தவுடன் சோதித்திருப்பார்கள், மகளிடம் கேளுங்கள்.