வாகனம்: கேள்வி – பதில்
‘கொம்பியூட்டர் போய்விட்டது’ என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: வாழைச்சேனையிலிருந்து பேலியகொடைக்கு மீன் ஏற்றுகிற டொயோட்டா டைனா லொறி, 1கேடி டீசல் இஞ்சின். ஒன்றரை மணித்தியாலம் நன்றாக ஓடும். பொலன்னறுவை தாண்டினால் செக் இஞ்சின் லைட் எரிந்து, ஓடின மாதிரியே நின்றுவிடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்ப ஸ்ரார்ட் ஆகும். ஸ்கான் செய்தபோது பி0200 என்ற பழுதுக் குறியீடு (கோட்) வந்தது. இன்ஜெக்டர்களை இயக்குகிற ஈடியூ பெட்டி போய்விட்டது என்றார்கள். பஞ்சிகாவத்தையில் பாவித்த ஒன்று வாங்கிப் போட்டோம். இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை, பிறகு பழைய கதைதான். இப்போது பெரிய கொம்பியூட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா ஐயா?
– லொறி உரிமையாளர், வாழைச்சேனை

பதில்: மாற்ற வேண்டாம். ஸ்கானர் கொம்பியூட்டரோடு பேசுகிறது, கோட் பதிவாகிறது, ஆறினால் இஞ்சினும் ஓடுகிறது. கொம்பியூட்டர் உயிரோடு இருப்பதற்கு இவ்வளவு சாட்சி போதும். நீங்கள் கழற்றி வைத்த பழைய ஈடியூவையும் எறிந்துவிடாதீர்கள். அது நல்லதாகவே இருக்கக்கூடும்.

ஈடியூ என்பது விசிறி மடிப்புள்ள சிறிய அலுமினியப் பெட்டி. அதன் இடம் மாடலுக்கு மாடல் மாறும், இன்ஜெக்டர் வயர்களைப் பிடித்துக்கொண்டு போனால் அதில்தான் போய் நிற்பீர்கள். கொமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்த டீசல் கொடுக்கும் பொதுக் குழாய்) இஞ்சினில் இன்ஜெக்டரை மில்லிசெக்கனுக்குள் திறக்க 12 வோல்ற் காணாது. ஈடியூ அதை 100 வோல்ற் அளவுக்கு ஏற்றி உள்ளே சேமித்து வைத்திருந்து, கொம்பியூட்டர் ‘இப்போது’ என்று சொல்லும் நேரம் அடித்துவிடும். அடித்ததும் ‘அடித்துவிட்டேன்’ என்று ஒரு பதில் சிக்னல் கொம்பியூட்டருக்குப் போகவேண்டும். அந்தப் பதில் வராதபோது பதிவாகிற கோட்தான் பி0200. பெட்டி பழுதானாலும் பதில் வராது. பெட்டிக்குச் சரியான கரண்ட் போகாவிட்டாலும் வராது. எர்த் விட்டுப்போனாலும், இன்ஜெக்டர் வயர் ஒன்று அறுந்தாலும் அதே கோட்தான். கோட்டைப் பார்த்ததும் பெட்டிக்குக் காசு கட்டுகிற பழக்கம் நம் கராஜ்களில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

இரண்டு கிழமை நன்றாக ஓடியதற்கும் காரணம் சொல்லலாம். பெட்டியை மாற்றும்போது வயர் செருகும் கப்ளரை இழுத்துத் திரும்பச் செருகுகிறோம். பின்களில் பிடித்திருந்த பச்சைக் களிம்பு அந்த உரசலில் கொஞ்சம் கழன்று, தொடுப்பு சில நாளைக்குச் சரியாகிவிடும். புதுப் பெட்டிதான் வேலை செய்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம். மீன் லொறியில் இது இன்னும் மோசம். ஐஸ் உருகுகிற உப்புத் தண்ணீர் மீன் பெட்டியின் அடியால் வழிந்து வயர் கட்டுக்கு மேலேயே சொட்டும். கடற்காற்று போதாதற்கு இதுவும் சேர்ந்தால் செம்பு வயர் உறைக்குள்ளேயே கறுத்துப் பொடியாகும், வெளியில் பார்த்தால் தெரியாது.

முதலில், அடுத்த முறை லொறி நிற்கும்போது சூடு ஆறுவதற்குள் ஸ்கானர் போடுங்கள். ஸ்ரார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இஞ்சின் சுற்று எண்ணையும் ரெயில் அழுத்தத்தையும் பாருங்கள். சுற்று எண் பூச்சியமாகவே நின்றால் இஞ்சின் சுற்றை உணர்கிற கிராங் சென்சர் பக்கம் போங்கள், அதுவும் சூட்டில் விட்டுப்போகிற சாமான்தான். அழுத்தம் 200 பாரைக்கூடத் தாண்டவில்லை என்றால் டீசல் பக்கம்: பில்ற்றர், காற்று இழுக்கிற குழாய், பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு, திரும்புகுழாயில் கூடுதலாக ஒழுகும் இன்ஜெக்டர். அழுத்தம் நன்றாக ஏறி நிற்கிறது, சுற்றும் காட்டுகிறது, ஆனால் ஒரு வெடிப்பும் இல்லை என்றால் மட்டும் ஈடியூ பக்கம் வாருங்கள். அழுத்தம் பார்க்கிறோம் என்று ரெயில் குழாயின் நட்டைத் தளர்த்தவே கூடாது. ஓடும்போது 1000 பாருக்கு மேலும் போகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் வயரில் கைவைப்பதும் அதேபோலத்தான், அது 12 வோல்ற் வயர் அல்ல.

இனிப் பெட்டிக்குப் போகும் கரண்டைப் பார்ப்போம். வெறும் மீற்றரை வைத்து ‘12 வருகுது’ என்பது ஒரு சோதனையே இல்லை. இருபது இழையில் பத்தொன்பது அறுந்த வயரிலும் மீற்றர் 12தான் காட்டும், சுமை ஏற்றினால்தான் உண்மை வெளிவரும். 55 வாற் ஹெட்லைட் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பற்றவையுங்கள். சாவிச் சுவிட்சை நிறுத்தி, ஈடியூ கப்ளரைக் கழற்றுங்கள். பிறகு சுவிட்சைப் போட்டு, கரண்ட் வருகிற பின்னுக்கும் பற்றறி மைனசுக்கும் இடையில் பல்பை எரியவிட்டபடி, பற்றறி பிளசிலிருந்து அந்தப் பின் வரைக்கும் எத்தனை வோல்ற் விழுகிறது என்று அளவுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் என்றால் வழியில் பிழை. முதலில் ஈடியூ ரிலேயை அதே மாதிரியான இன்னொன்றோடு மாற்றிப் பாருங்கள், பிறகு பியூஸ் காலைப் பாருங்கள், அதற்குப் பிறகு வயர். அடுத்து, பற்றறி பிளசுக்கும் ஈடியூவின் எர்த் பின்னுக்கும் இடையில் பல்பை எரியவிட்டு, அந்தப் பின்னுக்கும் பற்றறி மைனசுக்கும் இடையில் அளவுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் வரக்கூடாது. வந்தால் எர்த் போல்ற்றைக் கழற்றி, வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்துக் கட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். பல்ப் எரியும்போதே வயர் கட்டை அங்கங்கே மெல்ல அசைத்துப் பாருங்கள். வெளிச்சம் மங்குகிற இடத்தில் உறையைக் கீறினால் கறுத்த செம்பைக் காண்பீர்கள்.

மீற்றர் ஊசியைப் பெண் பின்னுக்குள் திணிக்க வேண்டாம். பின் விரிந்தால் புதுப் பழுது ஒன்றை நீங்களே செய்துவைத்ததாகிவிடும். கப்ளரின் பின்பக்கத்தால், வயரோடு ஒட்டி மெல்லிய ஊசியை விடுங்கள். களிம்பைக் கழுவக் கொன்ராக்ட் கிளீனர் போதும். பெற்றோலும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம்.

மூன்றாவதாக, இன்ஜெக்டர்களைப் பாருங்கள். ஈடியூவில் இருந்து கழற்றிய கப்ளரிலேயே, பொது வயருக்கும் நான்கு இன்ஜெக்டர் வயருக்கும் இடையில் ஓம் அளவுங்கள். அப்படி அளந்தால் வயரும் சுருளும் ஒன்றாகச் சோதிக்கப்படும். பெறுமானம் மிகச் சிறியது, ஓர் ஓம் அளவிலோ அதற்குக் கீழோ வரும். ஆகவே மீற்றரின் இரு முனைகளையும் தொடவைத்து வருகிற எண்ணைக் கழித்துவிடுங்கள். நான்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் ஆள். ஒவ்வொரு வயருக்கும் லொறியின் இரும்புப் பொடிக்கும் (உடலுக்கும்) இடையில் அளந்தால் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. லொறி சூடாக இருக்கும்போது ஒருமுறை, விடியற்காலையில் ஒருமுறை அளவுங்கள். வயர் ஒன்று உரசி இஞ்சினில் பட்டுக்கொண்டிருந்தால் எத்தனை ஈடியூ வாங்கிப் போட்டாலும் எரித்துத் தள்ளும். அதனால் இந்தச் சோதனை முடியாமல் புதுப் பெட்டியைக் கப்ளரில் செருகவே கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்து, பெட்டி மட்டும் சூட்டில் விட்டுப்போகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். லேபிளில் உள்ள இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். டொயோட்டாவின் இலக்கம் 89871 என்று தொடங்கும், டென்சோவின் இலக்கம் வேறாக இருக்கும், இரண்டையும் பாருங்கள். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு இலக்கத்தை வாங்காதீர்கள். பாவித்தது வாங்கினால் பின்களில் பச்சை இருக்கிறதா, மூடியைக் கிளப்பிய அடையாளம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சாவிச் சுவிட்சை நிறுத்தி, பற்றறி மைனசைக் கழற்றி, ஐந்து நிமிடம் பொறுத்துக் கப்ளரில் கைவையுங்கள். உள்ளே சேமித்த வோல்ற் இறங்க நேரம் வேண்டும். பொருத்தும்போது வயர்கள் பெட்டிக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலே வரட்டும், தண்ணீர் கப்ளருக்குப் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஈடியூவுக்குச் சாவி பதிவோ புரோகிராமோ தேவையில்லை. ‘கோடிங் காசு’ என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

மழைக்கென்று பெட்டியைப் பொலித்தீனால் சுற்றிக் கட்டுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். அந்த மடிப்புகள் இருப்பதே சூட்டை வெளியே விட. சுற்றினால் சூடும் வெளியே போகாது, உள்ளே வியர்த்த தண்ணீரும் வெளியே போகாது. மேலே ஒரு தகரத் தட்டு வைத்து, ஐஸ் தண்ணீர்க் குழாயை நீட்டிச் சில்லுக்குப் பின்னால் விட்டால் போதும்.

கேள்வி: நெல் ஏற்றும் 24 வோல்ற் எல்ஃப் லொறி, பழைய பம்ப் இஞ்சின். லொறிப் பொடியில் வெல்டிங் செய்த பிறகு ஹீற்றர் பிளக் (ஸ்ரார்ட்டுக்கு முன் இஞ்சினைச் சூடாக்குவது) லைட் எரிவதே இல்லை. காலையில் ஸ்ரார்ட் ஆகவும் கஷ்டம். அந்தப் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற டைமர் வாங்கவா, நேரே ஒரு பட்டன் போட்டுவிடவா?
– சம்மாந்துறை வாசகர்

பதில்: இரண்டும் வெவ்வேறு பழுதுகளாக இருக்கலாம். அம்பாறையின் காலைச் சூட்டில் நேரடி இன்ஜெக்ஷன் இஞ்சினுக்கு ஹீற்றர் பிளக் இல்லாமலே ஸ்ரார்ட் ஆகத் தெரியும். முதலில் ஸ்ரார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறதா, இரவில் டீசல் குழாயில் காற்று இறங்குகிறதா என்று பாருங்கள்.

டைமரைப் பொறுத்தவரை, பியூஸ், அதன் எர்த், சுவிட்சிலிருந்து வரும் கரண்ட் மூன்றையும் பார்த்த பிறகே வாங்குங்கள். வெல்டிங் கரண்ட் மெல்லிய எர்த் வயர் வழியாகத் திரும்பி அதைக் கருக்கியிருக்க நிறைய இடமுண்டு. பட்டன் போடலாம், ஆனால் பத்து செக்கனுக்கு மேல் அழுத்திக்கொண்டு நின்றால் பிளக்தான் எரியும். பட்டனுக்கு இடையில் தடித்த ரிலே ஒன்றும் பியூஸ் ஒன்றும் வேண்டும், அந்தக் கரண்ட் முழுவதையும் பட்டன் தாங்காது. இனி வெல்டிங் செய்வதானால் பற்றறி மைனசைக் கழற்றி, ஓல்ற்றனேற்றர், டைமர் கப்ளர்களையும் இழுத்துவிட்டு, எர்த் கிளிப்பை வெல்ட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் பிக்கப்பின் உள்ளே தண்ணீர் ஏறி கொம்பியூட்டர் நனைந்துவிட்டது. அரிசி மூட்டைக்குள் வைத்தால் காயுமா?
– கிரான் வாசகர்

பதில்: தண்ணீர் காயும், சேறும் உப்பும் உள்ளேயே இருக்கும். சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள், பற்றறியை உடனே கழற்றுங்கள். நனைந்த போர்ட்டில் கரண்ட் போனால் சில நிமிடத்திலேயே செம்புத் தடங்கள் அரிக்கத் தொடங்கும். மூடியைத் திறந்து, பற்றறிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரால் சேற்றைக் கழுவி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் ஊற்றி மென்மையான பிரஷ்சால் துடைத்து, நிழலில் மின்விசிறிக்கு முன்னால் ஒரு நாள் வையுங்கள். வெயிலில் போடவேண்டாம். உள்ளே ஜெல் ஊற்றியிருந்தால் அதைக் கிளறாமல் எலெக்ரோனிக் திருத்துபவரிடம் கொடுங்கள். வாகனப் பக்கத்துக் கப்ளரையும் அதே மாதிரிக் கழுவிக் காயவைத்த பிறகுதான் பற்றறியைக் கட்டவேண்டும்.